கடிதத்துக்கு இரண்டு முனைகள்: மின்னஞ்சல் மாற்றத்தின் கதை

"ஜிமெயிலை விட்டுவிட்டு வேறு நல்ல மின்னஞ்சலுக்கு மாறிவிடலாமா?" இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஒருவர் புரோட்டான் என்கிறார், இன்னொருவர் ஸோஹோ என்கிறார். இது ஏதோ இணையம் வந்த பிறகு முளைத்த கவலை என்று தோன்றும். ஆனால் கடிதத்தை நடுவழியில் யார் பிரிப்பார்கள் என்ற பயத்துக்கு வயது அதிகம். அந்தப் பயத்தால் தபால் வழியை மாற்றியவர்களின் அனுபவம் இன்றைக்கும் உதவும். அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

புதுச்சேரிக்குப் போன பத்திரிகை

எக்கியார்குப்பம் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கடற்கரை ஊர். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி வந்துவிடும். இன்று அது சாதாரணப் பஸ் பயணம். 1908ஆம் ஆண்டிலோ அது இரண்டு அரசுகளுக்கு இடையிலான எல்லை. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் சட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம்.

சென்னையில் "இந்தியா" என்ற வார இதழை நடத்திவந்தவர் சுப்பிரமணிய பாரதி. 1908இல் அரசு பத்திரிகைகள் மீது பாய்ந்தது. "இந்தியா"வின் ஆசிரியர் என்று ஏட்டில் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகித் தண்டிக்கப்பட்டார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் "இந்தியா" அங்கிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. பிரிட்டிஷ் போலீசால் அந்த அச்சகத்துக்குள் நுழைய முடியவில்லை. எல்லை காப்பாற்றியது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பத்திரிகை புதுச்சேரியில் அச்சானாலும் வாசகர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு பத்திரிகை தன் எல்லைக்குள் வருவதைத் தடை செய்தது. சந்தாதாரர் கையில் இதழ் சேராவிட்டால் வரவு ஏது? 1910 மார்ச் மாதம் "இந்தியா" நின்றுபோனது. பாரதி பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி வந்ததும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார்.

இதில் ஒரு பாடம் உண்டு. எழுதுகிறவர் இடத்தை மாற்றிக்கொண்டால் எழுதுகிறவருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. பெறுகிறவர் பழைய இடத்திலேயே இருந்தால், அந்த முனையில் பழைய சட்டம்தான் நடக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு முனைகள். மின்னஞ்சலுக்கும் அப்படித்தான்.

தபால் சட்டமும் ஜனாதிபதியும்

தபாலைப் பிரிக்கும் அதிகாரம் இந்தியாவில் சட்டப்படியே இருந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்திகளை இடைமறிக்க வழி செய்தது. 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தபாலைத் தடுத்து வைக்க இடம் கொடுத்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் இந்தச் சட்டங்கள் போகவில்லை.

1986இல் ராஜீவ் காந்தி அரசு அந்த அஞ்சல் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தது. கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரம் விரிகிறது என்று நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய பிறகும் ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்துப் போடவில்லை. திருப்பியும் அனுப்பவில்லை. அப்படியே வைத்திருந்தார்! அவருக்குப் பின் ஜனாதிபதியான தமிழ்நாட்டுக்காரர் ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 2002இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

ஒரு கடிதத்தின் ரகசியத்துக்காக இரண்டு ஜனாதிபதிகள் தயங்கியிருக்கிறார்கள் என்பது இன்றைய தலைமுறைக்கு அதிகம் தெரியாத செய்தி. பழைய 1898 சட்டத்தின் இடத்தில் அஞ்சல் சட்டம் 2023 வந்து, 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவிலும் இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது.

அஞ்சலட்டை, தபால் பை, பூட்டிய பெட்டி

மின்னஞ்சல் எப்படிப் போகிறது என்பதைத் தபாலை வைத்தே எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

தொடக்க கால மின்னஞ்சல் அஞ்சலட்டை மாதிரி. போகிற வழியில் யார் கையில் எடுத்தாலும் படிக்கலாம்.

பிறகு, ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும்போது என்கிரிப்ஷன் செய்யும் முறை பரவலானது. இது அரக்கு முத்திரை வைத்த தபால் பை மாதிரி. வழியில் யாரும் பிரிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு தபால் நிலையத்திலும் பை திறக்கப்படும். உள்ளே இருப்பது அதே அஞ்சலட்டைதான். ஜிமெயில், யாகூ போன்ற பெரிய சேவைகளில் இந்தப் பாதுகாப்பு உண்டு. நிறுவனம் நினைத்தால் படிக்க முடியும் என்பதும் உண்டு.

மூன்றாவது வகைதான் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்று சொல்லப்படும் முனைக்கு முனை பூட்டு. அனுப்புகிறவர் பெட்டியைப் பூட்டுகிறார், பெறுகிறவரிடம் மட்டுமே சாவி. தபால்காரரிடம் சாவி இல்லை. இந்த வசதியைச் சாதாரண ஆட்களின் கணினிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஃபில் ஸிம்மர்மன். 1991இல் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டார். பூட்டை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார் என்று அமெரிக்க அரசு அவர்மீது சில ஆண்டுகள் விசாரணை நடத்தி, 1996இல் கைவிட்டது. பிஜிபி நல்ல பூட்டு. ஆனால் அதைப் பயன்படுத்தச் சாதாரண ஆளுக்குப் பொறுமை போதவில்லை.

முதலாளிக்குப் பயந்து பிறந்த ஹாட்மெயில்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விஎஸ்என்எல் அதைத் தொடங்கிவைத்தது. அப்போது மின்னஞ்சல் என்பது இணைப்போடு சேர்ந்து வருவது. அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அலுவலக முகவரி. அதைக் கம்பெனி பார்க்கும்.

சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் கலிபோர்னியாவில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்க இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். அதைப் பற்றி அலுவலக மின்னஞ்சலில் எழுத முடியாது, முதலாளி பார்த்துவிட்டால் வேலை போய்விடும். சொந்த மின்னஞ்சலை அலுவலகக் கணினியிலிருந்து திறக்கவும் முடியவில்லை. எந்தக் கணினியிலும் பிரவுசர் வழியாகத் திறக்கும் மின்னஞ்சல் இருந்தால் என்ன? அந்த யோசனையிலிருந்துதான் 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயில் பிறந்தது. ஆக, உலகப் புகழ் பெற்ற இலவச மின்னஞ்சலே ரகசியம் தேடிய இருவரின் கண்டுபிடிப்பு!

1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. விலை சுமார் 40 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. பயனாளர் ஒரு பைசா கொடுக்காத சேவைக்கு இவ்வளவு விலை ஏன்? வணிகவியல் படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. வாங்கப்பட்டது மென்பொருள் மட்டுமில்லை, அதில் கணக்கு வைத்திருந்த லட்சக்கணக்கான ஆட்களும்தான்.

ஒரு ஜிபியின் விலை

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை அறிவித்தது. 1 ஜிபி இடம் இலவசம் என்றதும் பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். அப்போது ஹாட்மெயில் 2 எம்பியும் யாகூ 4 எம்பியும்தான் கொடுத்தன. பெட்டி நிறைந்துவிட்டது என்று பழைய கடிதங்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. ஜிமெயிலுக்கு அழைப்பு கிடைத்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

செலவு வேறு கணக்கில் எழுதப்பட்டது. கடிதத்தில் உள்ள சொற்களை எந்திரம் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் காட்டும். அதே ஏப்ரலில் 31 அமைப்புகள் சேர்ந்து இந்தச் சேவையை நிறுத்தி வைக்கும்படி கூகுளுக்குக் கடிதம் எழுதின. அவை முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டின. ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர் சம்மதித்திருக்கலாம். அவருக்கு வெளியிலிருந்து எழுதுகிறவர் எப்போது சம்மதித்தார்? மறுபடியும் அந்த இரண்டாவது முனை! விளம்பரத்துக்காகக் கடிதங்களை அலசுவதை நிறுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது 2017 ஜூனில்தான்.

லாவாபிட் கொடுத்த பதினொரு பக்கம்

2013 ஜூன் மாதம் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்க உளவுத்துறையின் வேலையை உலகுக்குக் காட்டின. அவர் பயன்படுத்திய மின்னஞ்சல் லாவாபிட். லேடார் லெவிசன் என்பவர் 2004இல் தொடங்கி டெக்சாஸில் நடத்திய சிறிய சேவை. சுமார் 4 லட்சம் பயனாளர்கள்.

எஃப்பிஐ வந்து அந்தச் சேவையின் மூலச் சாவியைக் கேட்டது. அதைக் கொடுத்தால் ஒருவர் கடிதம் மட்டுமல்ல, எல்லார் கடிதமும் திறந்துவிடும். லெவிசன் என்ன செய்தார் தெரியுமா? கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில் 11 பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, அபராதம் விதித்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, 2013 ஆகஸ்ட் 8 அன்று சேவையையே மூடிவிட்டார். மறுநாள் சைலண்ட் சர்க்கிள் என்ற நிறுவனமும் தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது.

நல்ல மனிதர் நடத்தினால் போதாது, அவரிடம் சாவியே இருக்கக் கூடாது என்பது அப்போது விளங்கியது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் சந்தித்த சில விஞ்ஞானிகள் 2014 மே மாதம் புரோட்டான்மெயிலை வெளியிட்டார்கள். சாவி பயனாளரின் பாஸ்வேர்டோடு கட்டப்பட்டது. நிறுவனம் நினைத்தாலும் பெட்டிக்குள் சேர்ந்துவிட்ட கடிதத்தைப் படிக்க முடியாது. சர்வர் இருப்பது சுவிஸ் சட்டத்தின் கீழ். பாரதி எல்லை தாண்டியதுபோலக் கடிதங்களும் எல்லை தாண்டின.

அந்த எல்லைக்கும் அளவு உண்டு. 2021இல் ஒரு பிரெஞ்சுச் சூழலியல் போராளியின் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுக்கும்படி சுவிஸ் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். புரோட்டான் கொடுத்தது. கடிதத்தின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஆனால் யார், எங்கிருந்து என்பது வெளியே வந்துவிட்டது. சுவிஸ் சட்டமும் சட்டம்தான் அல்லவா?

சென்னைப் பள்ளிகளும் ஒரு தடைக் கோரிக்கையும்

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் அலறியடித்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்கள். தேடிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை, வெறும் புரளி. மின்னஞ்சல் புரோட்டான் வழியாக வந்திருந்தது. அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியாத தமிழ்நாடு போலீஸ், அந்தச் சேவையையே தடை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் அதற்கான நடவடிக்கையும் தொடங்கியது. சுவிஸ் அரசு தலையிட்டதால் தடை நிறுத்தப்பட்டதாக அந்த நிறுவனம் பிறகு தெரிவித்தது.

2025 ஏப்ரல் 29 அன்று கர்நாடக உயர் நீதிமன்றமும் இதே சேவையைத் தடை செய்ய நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியர்களைக் குறிவைத்து ஆபாச மின்னஞ்சல்கள் வந்த வழக்கு அது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சிறிதாக்கிப் பேசக் கூடாது. பள்ளிக் குழந்தையின் தாய்க்கு அன்று காலை வந்த நடுக்கம் உண்மையானது. அந்தப் பெண்கள் பட்ட அவமானமும் உண்மையானது. பூட்டு நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ஆனால் மிரட்டல் கடிதம் வந்தது என்பதற்காக எந்த ஊரிலும் தபால் பெட்டிகளைப் பிடுங்கியதில்லை. சேவையைத் தடுத்தால் பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் நோயாளியும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள். மிரட்டுகிறவன் வேறொரு சேவைக்குப் போய்விடுவான்.

பன்னிரண்டு லட்சம் பேர் மாறிய கதை

அடுத்தது நம் ஊர்க் கதை. ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம்தான் 2009இல் ஸோஹோ என்று பெயர் மாறியது. சென்னையில் வளர்ந்து, தென்காசிப் பக்கம் கிராமத்துக்கும் போன நிறுவனம். அதன் மின்னஞ்சல் சேவை 2008இல் வந்தது. விளம்பரம் கிடையாது. பெரும்பாலும் நிறுவனங்கள் கட்டும் சந்தாவில் ஓடுகிறது.

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்திகள் வந்தன. அதே மாதம் 8ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா தாமும் ஸோஹோவுக்கு மாறியதாக அறிவித்தார். சுதேசி என்ற சொல் மறுபடி அடிபட்டது. வ.உ.சி. கப்பலுக்கு அடுத்து வந்த தமிழ்நாட்டுச் சுதேசி என்றுகூடச் சிலர் மகிழலாம்!

மகிழ்ச்சி நியாயமே. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனியின் கண்ணிலிருந்து விலகுவது ஒன்று. எல்லாக் கண்ணிலிருந்தும் விலகுவது வேறு. ஸோஹோ மின்னஞ்சலில் முனைக்கு முனை பூட்டு தானாகப் போடப்படுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். உத்தரவு வந்தும் ஒத்துழைக்காவிட்டால் 7 ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் 10 அமைப்புகளுக்கு இந்தக் கண்காணிப்பு அதிகாரத்தை வழங்கியது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னதற்கு அடுத்த ஆண்டு நடந்தது இது.

இந்த மாற்றத்தில் சாதாரண ஆள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 12 லட்சம் பேர் நிறுவனம் மாறினார்கள், ஆனால் அவர்கள் முகவரி மாறவில்லை. முகவரியின் பின்பகுதி அரசுக்குச் சொந்தமான டொமைன் என்பதே காரணம். செல்போனில் 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு உரிமை சட்டத்தில் இல்லை. ஜிமெயில் முகவரி கூகுளின் சொத்து. வங்கி, பரீட்சை ஹால் டிக்கெட், வருமான வரி, ரயில் டிக்கெட் எல்லாம் அதில் கட்டிக் கிடக்கும்போது மாறுகிற செலவு மலையாகத் தெரியும். பணம் கேட்காத சேவை ஆளை விடாமல் பிடித்து வைப்பது இப்படித்தான்.

மாற நினைப்பவருக்கு

மேலே சொன்ன கதைகளிலிருந்து சில கேள்விகள் கிடைக்கின்றன.

1. சாவி யாரிடம்? நிறுவனத்திடம் இருந்தால் கேட்கிறவரிடம் ஒருநாள் போகலாம். லாவாபிட் சாட்சி.

2. எந்த நாட்டுச் சட்டம்? எல்லை உதவும். முழுக்கக் காக்காது.

3. செலவை யார் கட்டுகிறார்? பயனாளர் கட்டாவிட்டால் விளம்பரதாரர் கட்டுவார், அல்லது காசு கட்டுகிற வேறு வாடிக்கையாளர் கட்டுவார். எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

4. முகவரி யாருக்குச் சொந்தம்? சொந்த டொமைன் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். அதை வைத்திருப்பவர் அடுத்த முறை சிரமமில்லாமல் மாறலாம்.

5. அடுத்த முனையில் யார்? புரோட்டானிலிருந்து ஜிமெயிலுக்குச் சாதாரணமாக எழுதினால், அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி ஜிமெயிலில் பூட்டில்லாமல் இருக்கும். புரோட்டானுக்குள்ளேயே எழுதினாலும் பொருள் வரிக்கு முனைக்கு முனை பூட்டு கிடையாது.

ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றிலும் கடினம். தனி ஆள் மாறினால் பாதிக் கடிதம்தான் மாறுகிறது. வீட்டில் ஒருவர், நெருங்கிய நண்பர் ஒருவர், கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர், வழக்கைப் பார்க்கும் வக்கீல் என்று கூட இரண்டு பேரையாவது மாற வைத்தால்தான் மறுபாதியும் மாறும். மாற முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். ஆதார் நகலையும் சம்பளச் சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் பெட்டியில் வருடக்கணக்கில் குவித்து வைக்காமல் இறக்கிக்கொண்டு அழித்துவிடலாம். பெட்டியில் இல்லாததை எந்தச் சாவியாலும் எடுக்க முடியாது.

"இந்தியா" இதழின் அச்சகம் பத்திரமாகத்தான் இருந்தது. வாசகனுக்குப் போகும் வழிதான் அடைபட்டது. மின்னஞ்சலை மாற்றுகிறவர்கள் தன் பெட்டியைப் பூட்டுவதோடு நிறுத்தாமல், யாருக்கு எழுதுகிறார்களோ அவருடைய பெட்டியையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.